வலென்சியாவில் குடும்பத்தோடு நான்கு நாள்: தண்ணீர் இல்லாத ஆற்றை வைத்துத் திட்டம் போடுங்கள்

ஸ்பெயினில் கடலோர ஊர் என்றதும் எல்லோரும் பார்சிலோனாவைத்தான் சொல்வார்கள். நாங்களும் முதலில் அதற்குத்தான் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் எங்கள் கூட்டம் ஐந்து பேர். நான், கணவர், பத்து வயது மகள், ஐந்து வயது மகன், அப்புறம் மதுரையிலிருந்து லண்டனுக்கு எங்களோடு சில மாதம் இருக்க வந்திருந்த அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, முட்டைகூடச் சேர்க்காத சைவம். மகனுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு தேவாலயத்துக்குள் நிற்க முடியாது. இந்த ஐந்து பேரும் சண்டை போடாமல் நாலு நாள் இருக்கக்கூடிய ஊர் எது என்று தேடித்தான் வலென்சியாவுக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு முறை போய்விட்டோம், இரண்டாவது முறை நிறையத் திருத்திக்கொண்டு போனோம். அந்தத் திருத்தங்களோடு சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரின் நடுவே துரியா என்று ஒரு ஆறு ஓடியது. இப்போது அந்தப் படுகையில் தண்ணீர் இல்லை, சுமார் 9 கிலோமீட்டருக்குத் தோட்டம் இருக்கிறது. குடும்பமாகப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவற்றில் பாதி அந்தத் தோட்டத்திலோ அதன் கரையிலோதான் இருக்கிறது. அதனால் முதலில் ஆற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம், மிச்ச நேரமெல்லாம் ஆறு. இப்படிப் போட்டால் யாரும் களைத்து அழ மாட்டார்கள்.

எந்த மாதம், எந்தக் கிழமை

ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் வரை மிக நல்ல காலம். செப்டம்பரும் நன்றாக இருக்கும், கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் 30 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம், கடல் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று தோன்றலாம். ஆனால் சென்னையில் மதியம் இரண்டு மணிக்கு ஐந்து வயதுப் பிள்ளையை யாரும் வெட்டவெளியில் நடத்திக் கூட்டிப்போவதில்லை, சுற்றுலாவில் அதைத்தான் செய்வோம்.

மார்ச்சில் ஃபாயாஸ் திருவிழா. மாதத் தொடக்கத்திலிருந்து 19-ஆம் தேதி வரை தினமும் மதியம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் பட்டாசு வெடிப்பார்கள், நெஞ்சு அதிரும். 19-ஆம் தேதி இரவு தெருத்தெருவாக நிற்கும் பிரமாண்ட பொம்மைகளுக்குத் தீ வைப்பார்கள். யுனெஸ்கோ 2016-இல் இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. வாழ்க்கையில் ஒரு முறை பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கைக்குழந்தையோ, சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளையோ, வயதானவர்களோ கூட இருந்தால் அந்த வாரம் வேண்டாம். விடுதி விலையும் ஏறிவிடும், தெருக்களையும் அடைத்துவிடுவார்கள்.

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை திடீர்ப் பெருமழை வரக்கூடிய காலம். 2024 அக்டோபர் 29 அன்று பெய்த மழையில் இந்த மாகாணத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரின் தெற்கே இருக்கும் பைபோர்த்தா, கத்தரோகா போன்ற ஊர்கள்தான் அடி வாங்கின. பிரிட்டனில் பள்ளிக்கு அக்டோபர் கடைசியில் வரும் ஒரு வார விடுமுறை சரியாக இந்தக் காலத்தில் விழுகிறது. போகவே கூடாது என்று சொல்லவில்லை. போனால் வானிலை எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள், போனில் அவசர எச்சரிக்கை ஒலி வந்தால் அலட்சியம் செய்யாமல் இருந்த இடத்திலேயே மேல் மாடிக்குப் போய்விடுங்கள். அவசர எண் 112.

கிழமை மிக முக்கியம், இதை யாரும் சொல்வதில்லை. மத்தியச் சந்தை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், பெரும்பாலான சூப்பர்மார்க்கெட்டுகளும் அப்படியே. பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை விடுமுறை. நகராட்சியின் நினைவுச் சின்னங்கள் பலவற்றில் ஞாயிறு நுழைவு இலவசம். பாசனத் தண்ணீர்த் தகராறுகளைத் தீர்க்கும் மிகப் பழைய நீர் மன்றம் வியாழன் மதியம் மட்டும் கூடும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் புதன் மாலை இறங்கி ஞாயிறு மாலை கிளம்புவதுதான் சரி. முதல் முறை நாங்கள் சனிக்கிழமை இரவு இறங்கினோம். ஞாயிறு காலை சந்தைக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தோம், வீட்டில் பால் வாங்கக்கூட அலைய வேண்டியிருந்தது.

விசா

பிரிட்டிஷ் பாஸ்போர்ட், ஐரோப்பியப் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கூட்டிப் போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: ஷெங்கன் விசாவுக்கு அவரவர் நிரந்தரமாக வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும், லண்டனுக்கு வந்தபிறகு இங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. அம்மா லண்டன் விமானம் ஏறும் முன்பே சென்னையில் விண்ணப்பித்து வாங்கிவிட்டார். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்திருக்க வேண்டும், ஆனால் அந்தப் 15 நாளை நம்பாதீர்கள், கோடை விடுமுறைக்கு முன் நேரம் கிடைப்பதே கஷ்டம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருப்போருக்கு 45, ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும்.

விசா வேண்டாத பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கும் எல்லையில் இப்போது புகைப்படம், கைரேகைப் பதிவு உண்டு. முதல் முறை என்றால் வரிசையில் கூடுதலாக நேரம் போகும், பிள்ளைகளுக்குக் கையில் ஏதாவது தின்னக் கொடுங்கள்.

போய்ச் சேர்வது

லண்டனிலிருந்து நேர் விமானம் உண்டு. இந்தியாவிலிருந்து நேராக வருபவர்கள் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வரலாம். மத்ரித் வரை விமானத்தில் வந்து அங்கிருந்து அதிவேக ரயிலில் வருவதும் நல்ல வழிதான், இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் வலென்சியா ரயில்கள் பெரும்பாலும் மத்ரித்தின் சமார்த்தின் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. பழைய பயணக் குறிப்புகளில் அத்தோச்சா என்று இருக்கும், அதை நம்பிப் பெட்டியோடு ஊரின் மறுகோடியில் நிற்காதீர்கள். டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைப் பாருங்கள்.

வலென்சியா விமான நிலையம் ஊரிலிருந்து 8 கிலோமீட்டர்தான். 3, 5 எண் மெட்ரோ ரயில்கள் நிலையத்துக்குள்ளிருந்தே கிளம்பி 25 நிமிடம் போலத்தான் எடுத்துக்கொண்டு ஊர் நடுவே விடும். ஷாத்திவா, கொலோன், அலமேதா என்று வரிசையாக நிறுத்தங்கள். டாக்சியில் சாதாரணமாக நாலு பேர்தான் ஏற முடியும், குழந்தையும் கணக்கில் வரும். நாங்கள் ஐந்து பேர் என்பதால் பெரிய வண்டிக்குக் காத்திருந்து அலுத்துப்போனோம், இரண்டாவது முறை மெட்ரோவிலேயே போனோம். வலென்சியா டூரிஸ்ட் கார்டு என்று 24, 48, 72 மணி நேர அட்டைகள் உண்டு. விமான நிலைய மெட்ரோ, பேருந்து, ட்ராம் எல்லாம் அதில் அடக்கம். பெரியவர்களுக்கு 72 மணி நேர அட்டை வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் டிக்கெட் இயந்திரத்தோடு போராட வேண்டாம்.

எங்கே தங்குவது

ஐரோப்பிய விடுதி அறைகளில் நாலு பேரைச் சேர்ப்பதே கஷ்டம், ஐந்து பேர் என்றால் இரண்டு அறை. அதனால் சமையலறை உள்ள வீடுதான் எங்களுக்கு ஒத்துவந்தது. குக்கரும் ஒரு பொட்டலம் ரசப்பொடியும் இருந்தால் அம்மாவின் இரவுச் சாப்பாட்டுக் கவலை போச்சு.

இடத்தைப் பொறுத்தவரை, பழைய ஊருக்குள் எல் கார்மென் பகுதி படத்தில் அழகாக இருக்கும், இரவு இரண்டு மணிக்கும் ஜன்னலுக்குக் கீழே பேச்சும் சிரிப்பும் கேட்கும். ருசாஃபாவும் அப்படித்தான், சாப்பிட நல்ல இடம், வார இறுதியில் தூங்க நல்ல இடமில்லை. கடற்கரையோரம் கபன்யால், ஓடு பதித்த முகப்போடு வரிசை வீடுகள் கொண்ட பழைய மீனவர் குடியிருப்பு. முழுக்க முழுக்கக் கடல்தான் வேண்டும் என்பவர்களுக்கு அது சரி. என் தேர்வு அலமேதா, அரகோன் மெட்ரோ நிலையங்களைச் சுற்றிய பகுதி. இரண்டு நிமிடம் நடந்தால் ஆற்றுப்படுகை, பாலத்தைத் தாண்டினால் ஊர்.

லிஃப்ட் விஷயத்தில் கவனம். பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் "முதல் மாடி"க்கும் நடுவே இன்னும் ஒன்றிரண்டு தளங்கள் இருக்கக்கூடும், முதல் மாடிதானே என்று நம்பிவிட முடியாது. நாங்கள் முதலில் எடுத்த வீட்டு விளம்பரத்தில் லிஃப்ட் உண்டு என்று போட்டிருந்தார்கள். உண்மைதான், லிஃப்ட் இருந்தது, அதற்கு முன்னால் 14 படி ஏற வேண்டியிருந்தது. தினமும் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறியதைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரமே வந்தது. இப்போதெல்லாம் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேட்கிறேன்: தெருவிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி?

ஆறு

1957 அக்டோபர் 14 அன்று துரியா கரைபுரண்டு ஊருக்குள் வந்தது, 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஆற்றையே ஊருக்குத் தெற்கே புதிய கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டார்கள். காலியான பழைய படுகையில் நெடுஞ்சாலை போட அரசு திட்டமிட்டது. மக்கள் எதிர்த்தார்கள், "படுகை நம்முடையது, அது பசுமையாக வேண்டும்" என்று போராடினார்கள், ஜெயித்தார்கள். எண்பதுகளிலிருந்து பகுதி பகுதியாகத் தோட்டம் வளர்ந்தது. 2024 வெள்ளத்திலும் நகரின் மையத்தைக் காப்பாற்றியது அந்தத் தெற்குக் கால்வாய்தான். கால்வாய்க்கு அந்தப்பக்கம் இருந்த ஊர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. தோட்டத்தில் நடக்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். தலைக்கு மேலே கல் பாலங்கள், கீழே தண்ணீரே இல்லை, இது ஏன் இப்படி என்று என் மகள் முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டுவிட்டாள்.

படுகை தெருவை விடத் தாழ்வாக இருப்பதால் வாகனச் சத்தம் கேட்காது, வண்டி வந்து மோதும் என்ற பயமும் இல்லை, பிள்ளைகளை ஓட விடலாம். ஆனால் சைக்கிள் பாதை தனி, நடைபாதை தனி, சைக்கிள்கள் வேகமாக வரும், முதலிலேயே சொல்லி வையுங்கள். இறங்க எல்லா இடத்திலும் படி இருக்கிறது, சரிவுப் பாதை சில இடங்களில்தான், தள்ளுவண்டியும் முழங்கால் வலியும் இருப்பவர்கள் அதை முன்பே வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறை குறைவு. ஊர் முழுக்கச் சமதளம், அம்மா ஒரு நாளில் மூன்று கிலோமீட்டர் தானாகவே நடந்தார், நடுநடுவே பெஞ்சில் உட்கார்ந்து.

தோட்டத்தின் கிழக்குப் பகுதியில் குலிவர் படுத்திருக்கிறார். 70 மீட்டர் நீளம், கயிற்றால் கட்டிப்போட்ட நிலையில். தலைமுடி, சட்டை மடிப்பு, கை விரல் எல்லாமே சறுக்குமரம். பிள்ளைகள் அவர் மேல் லில்லிபுட்டியர்களாக ஏறி இறங்குவார்கள். நுழைவு இலவசம். வெயில் காலத்தில் நடுப்பகலில் சறுக்கும் இடம் கொதிக்கும், காலை திறந்ததும் போங்கள், அல்லது மாலையில். நாலு நாளில் எது பிடித்தது என்று மகனைக் கேட்டால் இன்றும் இதைத்தான் சொல்கிறான், இதற்கு நாங்கள் ஒரு யூரோகூடக் கொடுக்கவில்லை.

மேற்குக் கோடியில் பயோபார்க், 2008-இல் திறந்த விலங்குப் பூங்கா. கண்ணுக்குத் தெரியும் கம்பி வேலி கிட்டத்தட்ட இல்லை, பாறையும் நீரும்தான் தடுப்பு. ஒட்டகச்சிவிங்கியும் யானையும் ஆப்பிரிக்காவில் நிற்பது போலவே நிற்கும். இதையும் ஓஷனோகிராஃபிக் என்ற மீன் காட்சியகத்தையும் ஒரே பயணத்தில் சேர்க்காதீர்கள், ஒன்று போதும். பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் என்றால் நான் ஓஷனோகிராஃபிக் என்பேன்.

வெள்ளிக்கிழமை: வெள்ளைக் கட்டடங்கள்

கிழக்குக் கோடியில் கலை அறிவியல் நகரம். வலென்சியாவிலேயே பிறந்த சந்தியாகோ கலத்ராவா வடிவமைத்தது, கண் போல ஒன்று, திமிங்கல எலும்புக்கூடு போல ஒன்று, தலைக்கவசம் போல ஒன்று. கண் போன்ற ஹெமிஸ்ஃபெரிக் 1998-இல் திறந்தது, ஓபரா அரங்கம் 2005-இல். ஊர் நடுவிலிருந்து 10-ஆம் எண் மெட்ரோ நேராக வரும். கட்டடங்களுக்கு நடுவே நடக்க டிக்கெட் தேவையில்லை.

ஓஷனோகிராஃபிக் 2003-இல் திறந்த மீன் காட்சியகம், ஐரோப்பாவிலேயே பெரியது. இங்கே கட்டடங்களை வடிவமைத்தவர் ஃபெலிக்ஸ் கந்தேலா. இணையத்தில் முன்பே வாங்குங்கள், காலை திறக்கும்போதே உள்ளே போங்கள், முதலில் நேராகச் சுறாச் சுரங்கத்துக்குப் போய்விடுங்கள். பதினொன்றரைக்கு மேல் பள்ளிக் கூட்டம் வந்துவிட்டால் அங்கே தள்ளுவண்டியைத் திருப்பக்கூட முடியாது. நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். டால்பின் காட்சி உண்டு, நாங்கள் போகவில்லை. கடலில் நீந்த வேண்டிய பிராணி கைதட்டலுக்குக் குதிப்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, மகளுக்கும் அப்படியே. இது அவரவர் முடிவு.

அறிவியல் அருங்காட்சியகத்தில் எழுதிப்போட்டிருக்கும் விதி, தொடாமல் இருப்பதற்குத் தடை என்பது. எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் அது நல்லது. சிறியவர்களுக்கு ஓஷனோகிராஃபிக்கோடு அன்றைய நாள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சேர்த்துக் கூட்டுச் சீட்டு விற்பார்கள், விலை குறைவாகத் தெரியும், ஆனால் மாலை நாலு மணிக்கு அழும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் அந்தச் சீட்டைத் தீர்ப்பதில் என்ன லாபம்? அந்த வளாகம் முழுக்க வெள்ளைத் தரை, நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். நிழல் வேண்டுமென்றால் எதிரே உம்பிராக்லே என்ற வளைவுத் தோட்டத்துக்குப் போய் உட்காருங்கள்.

வியாழன்: பழைய ஊரும் நீர் மன்றமும்

காலை ஒன்பதரைக்கு மத்தியச் சந்தை. 1928-இல் திறந்த கட்டடம், இரும்பும் வண்ணக் கண்ணாடியும், குவிமாடத்தின் வழியே வெளிச்சம் விழும். காலை ஏழரையிலிருந்து மதியம் மூன்று வரைதான். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து யூரோ கொடுத்து ஒரு பழம், ஒரு புதிய பொருள் வாங்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் பறந்துவிடும். கூட்டத்தில் கைப்பை முன்பக்கம் இருக்கட்டும்.

சந்தைக்கு எதிரிலேயே பட்டு வணிகர்களின் லோன்ஹா மண்டபம், 1482-இல் கட்டத் தொடங்கியது, 1996 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். உள்ளே தூண்கள் கயிறு முறுக்கியது போல மேலே எழும்பும். பதினைந்து நிமிடம் போதும்.

பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போய் நின்றுவிடுங்கள். நீர் மன்றம் அங்கேதான் ஒவ்வொரு வியாழனும் கூடும். எட்டு வாய்க்கால்களுக்கு எட்டுப் பேர், அந்தந்த வாய்க்கால் விவசாயிகள் தேர்ந்தெடுத்தவர்கள், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வட்டமாக உட்காருவார்கள். ஏவலர் ஒவ்வொரு வாய்க்கால் பெயரையும் வலென்சிய மொழியில் உரக்கக் கூப்பிட்டு, புகார் உண்டா என்று கேட்பார். வழக்கு இருந்தால் எழுத்தே இல்லாமல் வாய்ப்பேச்சிலேயே விசாரித்து அங்கேயே தீர்ப்பு. பெரும்பாலும் வழக்கு இருக்காது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பல நூற்றாண்டு வழக்கம், யுனெஸ்கோ 2009-இல் அங்கீகரித்தது. அம்மா அதுவரை "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், இதைப் பார்த்ததும் தாத்தா காலத்தில் கண்மாய் மடையைத் திறந்துவிடும் நீர்க்கட்டி பற்றி, யார் வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்ற சண்டைகள் பற்றி, பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேசினார். எங்கள் பயணத்தின் மிக நல்ல அரை மணி நேரம் அதுதான்.

பக்கத்தில் மிகலேத் மணிக்கோபுரம், 207 படி, குறுகலான சுழல் படிக்கட்டு. கணவரும் மகளும் ஏறினார்கள். நானும் அம்மாவும் மகனும் கீழே சாந்தா கதலீனா தேவாலயப் பக்கம் போய் ஓர்ச்சாதா என்ற குளிர்பானம் குடித்தோம்.

சாப்பாடு

ஓர்ச்சாதாவிலிருந்தே தொடங்குகிறேன். பார்க்கப் பால் போல இருக்கும், ஆனால் துளி பாலும் கிடையாது. சுஃபா என்ற கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து சர்க்கரை போட்டுக் குளிரவைத்தது. நம் வயலில் களை என்று பிடுங்கி எறியும் கோரையின் நெருங்கிய சொந்தம் அந்தச் செடி. அதை நீள பன்னில் தோய்த்துச் சாப்பிடுவார்கள், அந்த பன்னுக்கு ஃபார்டோன் என்று பெயர். ஊருக்கு வடக்கே ஒட்டியிருக்கும் அல்போராயாதான் இதன் தாய்வீடு, 3-ஆம் எண் மெட்ரோவில் போகலாம். ஓர்ச்சாதா அம்மாவுக்கு ஒத்துப்போனது. பன்னில் முட்டை சேர்ப்பது உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம்தான் முதல் சிக்கல். மதியச் சாப்பாடு இரண்டு மணி போல, இரவு உணவகங்கள் எட்டரைக்கு மேல்தான் சூடுபிடிக்கும். பிள்ளைகளை அதற்குப் பழக்க முயலாதீர்கள், நாலு நாளில் பழகாது. பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிவிடுங்கள். வார நாட்களில் "மெனூ தெல் தியா" என்று முதல் வகை, இரண்டாம் வகை, இனிப்பு எல்லாம் சேர்த்து 15 யூரோவை ஒட்டிக் கிடைக்கும். இரவுக்கு வீட்டில் சாதமும் ரசமும்.

பயேயா என்ற அரிசி உணவு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உண்மையான வலென்சியப் பயேயாவில் கோழி, முயல், அகலமான பச்சை பீன்ஸ், கர்ரோஃபோ என்ற பெரிய வெள்ளை மொச்சை, குங்குமப்பூ. கடல் உணவு போட்டது வேறு வகை. இரண்டையும் கலந்தது சுற்றுலாப் பயணிகளுக்கானது. மதியத்துக்கு மட்டும் உரியது, குறைந்தது இரண்டு பேருக்குத்தான் செய்வார்கள், புதிதாகச் செய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், பத்து நிமிடத்தில் வந்தால் அது சூடாக்கியது. அடியில் பிடித்திருக்கும் மொறுமொறுப்புக்கு சொக்காராத் என்று பெயர், அதற்காகத்தான் எல்லோரும் சட்டியைச் சுரண்டுவார்கள்.

சைவக்காரர்களுக்கு "பயேயா தெ வெர்துராஸ்" என்று காய்கறிப் பயேயா உண்டு. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் முறை ஒரு உணவகத்தில் அம்மாவுக்காக அதைத்தான் சொன்னோம், காய் மட்டும்தான் தெரிந்தது, பாதி சாப்பிட்ட பிறகு வேகவைத்த தண்ணீர் மீன் சாறு என்று தெரியவந்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை, அதன் பிறகு அன்று எதுவும் சாப்பிடவும் இல்லை. எனவே காயைப் பற்றிக் கேட்காதீர்கள், சாற்றைப் பற்றிக் கேளுங்கள்: "எல் கால்தோ எஸ் தெ வெர்துராஸ்?" சாறு காய்கறிச் சாறா என்று அர்த்தம். கூடவே "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன், சின் வேவோ" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இறைச்சி, மீன், பன்றி, முட்டை எதுவும் வேண்டாம். ஹாமோனைத் தனியாகச் சொல்வது அவசியம், பலருக்கு அது இறைச்சிக் கணக்கில் வராது, பீன்ஸ் பொரியலில்கூடத் துண்டு துண்டாகக் கிடக்கும்.

அம்மா நம்பிச் சாப்பிட்டவை: தக்காளி தேய்த்த ரொட்டி, சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும், கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப், உப்புத் தூவி வறுத்த பச்சை மிளகாய், சந்தையில் வாங்கிய ஆரஞ்சு. உருளைக்கிழங்குத் தோர்த்தியாவில் முட்டை இருக்கும். உணவகத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

சனிக்கிழமை: அல்புஃபேரா

ஊருக்குத் தெற்கே 10 கிலோமீட்டரில் பெரிய ஏரி, சுற்றிலும் நெல் வயல். பயேயாவின் அரிசி இங்கே விளைவதுதான். மே மாதம் போனால் தண்ணீர் கட்டி நிற்கும், ஜூலையில் பச்சை, செப்டம்பரில் அறுவடை. ஏரியோர ஊரான எல் பல்மாருக்கு 24-ஆம் எண் பேருந்து போகும். இடைவெளி அதிகம், அதனால் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் போகும்போதே நிறுத்தத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டாக்சி கிடைப்பது கஷ்டம். உணவகத்தில் முன்பதிவு இல்லாமல் வார இறுதியில் போகாதீர்கள், முன்பதிவின்போதே காய்கறிப் பயேயா வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மதியம் சாப்பிட்டு, அப்புறம் மரப்படகில் முக்கால் மணி நேரம். படகுக்காரர் நாணல் ஓரமாக இயந்திரத்தை அணைத்துவிட்டு நிறுத்தியபோது மகன்கூடப் பேசாமல் இருந்தான். வெயில் சாயும் நேரத்துப் படகுதான் அழகு, ஆனால் பேருந்தைப் பொறுத்து முடிவெடுங்கள். கொசு மருந்து கொண்டுபோங்கள்.

கடற்கரைக்குத் தனி நாள் வேண்டாம். மல்வரோசாவும் லாஸ் அரேனாஸும் அகலமான மணல், மாரித்திம் வரை மெட்ரோ, அங்கிருந்து ட்ராம். நாங்கள் வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் போய் எட்டரைக்குத் திரும்பினோம். சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள், மஞ்சள் என்றால் கணுக்கால் அளவோடு நிறுத்துங்கள். ஏப்ரலில் தண்ணீர் குளிரும், பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஞாயிறு, கிளம்பும் நாள்

காலையில் செர்ரானோஸ் கோபுர வாசலில் ஏறிப் பாருங்கள், ஞாயிறு இலவசம். அல்லது ஃபாயாஸ் அருங்காட்சியகம். ஒவ்வொரு ஆண்டும் மக்கள் வாக்களித்து எரியாமல் காப்பாற்றும் பொம்மைகளை 1934 முதல் அங்கே சேர்த்துவைத்திருக்கிறார்கள். எதற்கு வாக்களித்திருப்பாய் என்று கேட்டால் பிள்ளைகள் எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பார்கள். மிச்ச நேரம் மறுபடியும் ஆறு.

ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது வாங்குவதென்றால் வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள், சனிக்கிழமை ஏரிக்குப் போய்விடுவீர்கள், ஞாயிறு சந்தை இருக்காது. பயேயாவுக்கு ஏற்ற பொம்பா அரிசி ஒரு கிலோ, குங்குமப்பூ ஒரு சின்ன டப்பா, ஒரு பயேயாச் சட்டி. சந்தையைச் சுற்றிய கடைகளில் எல்லா அளவிலும் தொங்கும். நாலைந்து பேருக்கு 38 முதல் 40 சென்டிமீட்டர் போதும், வாங்கும் முன் உங்கள் பெட்டியை அளந்துகொள்ளுங்கள். சாதாரண எஃகுச் சட்டி துருப்பிடிக்கும், கழுவியதும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும் என்று கடைக்காரர் கையால் செய்து காட்டினார். அம்மா அவரிடமிருந்து சட்டியை வாங்கி, விரலால் தட்டிப் பார்த்து, "நம்ம தோசைக்கல்லு மாதிரிதானே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.